அரைமணிப் பலகை

எனக்கு முடிவெட்டுகிறவர் கத்தரியைக் காதோரம் வைத்துக்கொண்டுதான் எப்போதும் அந்தக் கேள்வியைக் கேட்பார். இந்த வாரம் எந்த மெஷின் கொடுக்கும் என்று. காது அவர் கையில் இருக்கும்போது நான் என்ன பதில் சொல்வது? தெரியாது என்றால் நம்ப மாட்டார். தெரிந்தும் சொல்லாத கல்நெஞ்சன் என்று நினைத்துக்கொண்டு கிருதாவை ஒரு பக்கம் தூக்கி வெட்டிவிடுவார். சீனக் கரையோரத்துச் சூதாட்ட நகரமான இந்த மக்காவ் ஊரில் என் வேலை தெரிந்தவர்கள் எல்லோரும் இப்படித்தான்.

என் வேலை வேறொன்றும் இல்லை. கேசினோவின் பதினோராவது மாடியில், ஜன்னல் இல்லாத ஓர் அறையில் உட்கார்ந்து, கீழ்த்தளத்தில் இருக்கும் அறுநூற்றுச் சொச்சம் ஸ்லாட் மெஷின்களைக் கம்ப்யூட்டர் வழியாக மேய்ப்பது. சத்தத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். மக்கர் பண்ணுகிற மெஷினை அணைத்து எழுப்பலாம். யாரும் உட்காராத மெஷினில், அரசாங்கத்துக்கு எழுதிக்கொடுத்துவிட்டு, பழைய ஆட்டத்தை எடுத்துப் புதிய ஆட்டத்தைப் போடலாம். யார் ஜெயிப்பது என்று தீர்மானிக்கும் பொத்தான் மட்டும் எங்களிடம் கிடையாது. அது மெஷினுக்குள் இருக்கும் ஒரு சிப்பின் வேலை. அது ஓய்வில்லாமல் எண்களை உருட்டிக்கொண்டே இருக்கும். ஆடுகிறவர் அமுக்கிய கணத்தில் எது சிக்கியதோ அதுதான் பலன். இதை நான் ஆறு வருஷமாகக் கரடியாய்க் கத்திக்கொண்டிருக்கிறேன்.

இதைக் கடைசியாக நான் விளக்கிய ஆள், எனக்கு மாமியாராக வரவிருந்த லியோங் மூன்-குவாய் அம்மாள். தையல் ஆலையில் முப்பது வருஷம் காலர் தைத்து ஓய்ந்தவர். கணவர் இல்லை. யாவ் ஹோன் பக்கம், லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் நாலாவது மாடியில், ஒரே மகள் யூக்-லாமோடு இருந்தார். முதல் தடவை சாப்பாட்டுக்கு அழைத்தபோது என்ன உத்தியோகம் என்று கேட்டார். சொன்னேன். அதுவரை மகளின் கிண்ணத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்த கோழிக்கால் பாதி வழியில் திரும்பி என் கிண்ணத்தில் வந்து விழுந்தது. அதை நான் தின்றிருக்கக் கூடாது.

தின்றுவிட்டு, மனசாட்சி உறுத்தியதால், சிப் விஷயத்தை ஆதியோடந்தமாக விளக்கினேன். அத்தை கடைசி வரை பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒரு கண்ணை மூடித் திறந்தார்.

"புரிஞ்சுது மாப்பிள்ள. வெளில சொல்லக் கூடாதுல்ல."

அதற்குப் பிறகு செவ்வாயும் வெள்ளியும் தோழிகள் இரண்டு பேரோடு எங்கள் கேசினோவின் இலவச பஸ்ஸில் வந்து இறங்க ஆரம்பித்தார். அவர் உட்காருவது 328-ஆம் மெஷின். ஒரு தங்க டிராகன் முட்டைகளை உருட்டும் ஆட்டம். உட்காரும் முன் கூரையை அண்ணாந்து பார்த்து இரண்டு கையையும் கூப்பி எனக்கு ஒரு சைகை கொடுப்பார். அவர் கும்பிட்டது கேமராவை அல்ல, புகை வந்தால் கத்துகிற கருவியை. கேமரா இடது பக்கம் மூன்றடி தள்ளி இருந்தது. நான் திருத்தவில்லை. திருத்தினால் நேராக என் முகத்தைப் பார்த்துக் கும்பிடுவார், அதை என்னால் தாங்க முடியாது.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். தான் காசு போட்டு ஊட்டிய மெஷினை எங்கள் ஊர்க்காரர்கள் லேசில் விட மாட்டார்கள். தீனி போட்டு வளர்த்த மாட்டை அடுத்தவன் வந்து கறப்பதா? அதனால் பசி வந்தாலோ ஒதுங்க வேண்டியிருந்தாலோ ஆளைக் கூப்பிடுவார்கள். தளத்து ஊழியர் வந்து சிவப்புப் பலகை ஒன்றை மெஷின் முகப்பில் கொக்கியால் மாட்டுவார். மேலிருந்து நாங்கள் மெஷினைப் பூட்டிவிடுவோம். பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற கதைதான். ஆனால் இந்தத் துண்டுக்கு அரை மணிதான் ஆயுசு. முன்பெல்லாம் அரை மணி ஆனதும் பூட்டு தானாகவே திறந்துகொள்ளும். ஒருநாள் ஒரே நாற்காலியில் ஆளுக்குப் பாதி உட்கார்ந்து இரண்டு பேர் சண்டை போட்டு, அதில் ஒருவருடைய பல்செட் காணாமல் போனது. அன்றிலிருந்து, மேலே ஓர் ஆள் கேமராவில் இடத்தைப் பார்த்துவிட்டுத் தன் கையால் திறக்க வேண்டும் என்று விதி. அந்தக் கைதான் என்னுடையது.

கல்யாணத்துக்குப் பதினைந்து நாள் இருந்த ஒரு வெள்ளிக்கிழமை. அத்தை காலை பத்திலிருந்து 328-இல் உட்கார்ந்திருந்தார். டிராகன் அன்று கடுமுகமாய் இருந்தது. ஒரு முட்டையைக்கூடத் தரவில்லை. பன்னிரண்டே முக்கால் வாக்கில் பலகை மாட்டச் சொல்லிவிட்டு எழுந்தார். எங்கே போகிறார் என்று எனக்குத் தெரியும். கீழே, மாட்டிறைச்சி நூடுல்ஸ். அவர் எப்படிச் சாப்பிடுவார் என்பதும் தெரியும், அதனால் நேரத்தைப் பார்க்க ஆரம்பித்தேன். நன்றாக மென்று விழுங்கச் சொல்லி எந்த டாக்டரோ எப்போதோ சொல்லியிருந்தார். ஒவ்வொரு வாயையும் எண்ணி மெல்லுவார். பிறகு சூப்பை ஊதி ஊதிக் குடிப்பார். அதற்குப் பிறகு கையால் வாயை மறைத்துக்கொண்டு பல்குத்தும் படலம் ஒன்று உண்டு.

இருபதாவது நிமிஷம், இடுப்பில் மஞ்சள் பை கட்டிய ஒருவர் 328-க்குப் பின்னால் வந்து நின்றார். கேசினோவில் எங்கேயும் கடிகாரம் இருக்காது. இவர் கைக்கடிகாரத்தோடு வந்திருந்தார். அத்தையிடம் கடிகாரம் இல்லை. ஆடும் நாளில் அழைப்பு வந்தால் ராசி கலைந்துவிடும் என்று போனையும் அணைத்துவிடுவார். என் போன் வழக்கம்போல அறைக்கு வெளியே பெட்டியில் கிடந்தது. தளத்து ஊழியர் யாரையாவது வயர்லெஸ்ஸில் பிடித்து, நூடுல்ஸ் கடையில் உட்கார்ந்திருக்கும் அம்மாளை எழுப்பி அனுப்பு என்று சொல்லலாம். ஆனால் அதற்கு இருபது வருஷத்துக்கு ஒலிப்பதிவு இருக்கும். மாமியாருக்குச் சலுகை காட்டிய குரலாக நான் அந்தப் பதிவில் வாழ விரும்பவில்லை.

முப்பது நிமிஷம் ஆனது. 'திறக்கவா?' என்று திரையில் பெட்டி வந்தது. நான் அப்போது தும்மியிருக்கலாம். தண்ணீர் குடிக்க எழுந்திருக்கலாம். உள்ளதைச் சொன்னால், இரண்டுமே தோன்றின. கேமராவில் வரிசையின் கடைசி வரை பார்த்தேன். யாரும் வரவில்லை. மஞ்சள் பைக்காரர் கடிகாரத்தையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் பக்கம் நியாயம் இருந்தது. அமுக்கினேன்.

ஊழியர் பலகையைக் கழற்றி மெஷின் மேலேயே வைத்துவிட்டுப் போனார். மஞ்சள் பைக்காரர் உட்கார்ந்தார். சரியாக நாற்பது விநாடி கழித்து, அதைப் பிறகு எத்தனையோ பேர் அளந்தார்கள், அத்தை வாயில் பல்குச்சியோடு வந்து சேர்ந்தார்.

அவர் சத்தம் போடவில்லை. ஆடுகிறவன் தோளைத் தொட்டால் அவனைத் தரித்திரம் பிடிக்கும் என்பது எங்கள் ஊரில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். தெரியாமல் கை பட்டால்கூடக் கொலைவெறியோடு திரும்புவார்கள். அத்தை நிதானமாகப் பின்னால் போய் அந்த ஆளின் இரண்டு தோளையும் இரண்டு கையாலும் இறுகப் பிடித்தார். அடுத்த சுற்றிலேயே டிராகன் தன்னிடம் இருந்த அத்தனை முட்டையையும் கொட்டியது. என் மேஜையில் மணி அலறியது. எண்பத்தாறாயிரம் ஹாங்காங் டாலர்.

அத்தை கையை எடுத்தார். மெஷினைப் பார்த்தார். பலகையைப் பார்த்து அதை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டார். பிறகு மெதுவாகத் தலையைத் தூக்கினார். புகைக் கருவியை அப்படி ஒரு பார்வை பார்த்த மனுஷியை நான் அதற்கு முன் கண்டதில்லை.

நேராக, கேசினோவுக்குள்ளேயே இருக்கும் அரசு ஆய்வாளரின் மேஜைக்குப் போய்ப் புகார் எழுதிக்கொடுத்தார். மாடியில் இருக்கும் பையன் என் மகளைக் கட்டப்போகிறவன், எனக்காகக் காலையெல்லாம் பழுக்க வைத்திருந்த மெஷினைக் கடைசி நேரத்தில் எவனிடமோ காசு வாங்கிக்கொண்டு திறந்துவிட்டான் என்று. எங்கள் பிரிவின் தலைவி நிங் மேடம் என்னைக் கூப்பிட்டார். மாமியார் வந்து ஆடுவதை ஏன் முன்பே எழுதிக்கொடுக்கவில்லை என்று கேட்டார். இன்னும் மாமியார் ஆகவில்லையே என்றேன். கல்யாணத்தன்று பெண்ணைப் பெற்றவர் முன் மண்டியிட்டுத் தேநீர் நீட்டி, அதை அவர் வாங்கிக் குடித்தால்தானே உறவு?

"சரி, டீய குடிச்சதும் எழுதிக் குடு. அன்னையிலேர்ந்து அந்தம்மா நம்ம கேசினோக்குள்ள காலெடுத்து வெக்கக் கூடாது. கன்ட்ரோல் ரூம் ஆளோட சொந்தக்காரங்களுக்கு இங்க ஆட்டம் கெடையாது" என்றார் நிங் மேடம். ஆய்வாளரும் அதை அத்தையிடம் தெளிவாகச் சொல்லியனுப்பினார்.

பதிவுகளைத் தோண்டினார்கள். நான் ஒரு விநாடி முந்தவும் இல்லை, பிந்தவும் இல்லை. அதே இடத்தில் அத்தையே உட்கார்ந்திருந்தாலும் அவர் அமுக்குகிற கணம் வேறு, வருகிற எண் வேறு, அந்த எண்பத்தாறாயிரம் அவருக்கு வந்திருக்காது என்று ஆய்வாளரே விளக்கினாராம். அத்தை அவரிடமும் ஒரு கண்ணை மூடித் திறந்திருக்கிறார். உங்களுக்கும் பங்கு வந்துவிட்டதா என்று அர்த்தம்.

அதோடு விட்டிருக்கலாம். நிங் மேடத்துக்கு என்மேல் பெருமை பொங்கிவிட்டது. எரிகிற கொள்ளியில் எண்ணெய் ஊற்றுவது போல என்னை அந்த மாதத்தின் சிறந்த ஊழியர் ஆக்கிவிட்டார். மாமியாராக வரப்போகிறவர் என்றும் பாராமல் குறித்த நேரத்தில் மெஷினைத் திறந்த நேர்மையாளன் என்று, பல்லெல்லாம் தெரியும் என் போட்டோவோடு, கம்பெனியின் இணையப் பக்கத்தில் போட்டார். இலவச பஸ்ஸில் அத்தையின் தோழிகள் அதைப் பெரிதாக்கி அத்தையிடம் காட்டினார்கள்.

அன்று மாலை அத்தையின் முடிவு வந்தது. கல்யாணத்தைத் தடுக்க மாட்டார். ஆனால் அந்த மாடிப் பையன் நீட்டும் தேநீரைக் குடிக்க மாட்டார்.

அழைப்பிதழோடு தருகிற கேக் கூப்பன்கள் கொடுத்து முடித்தாகிவிட்டது. விருந்துக்குப் பதினெட்டு மேஜை சொல்லியாகிவிட்டது. யூக்-லாமிடம் ஓடினேன். அவள் பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜையில் இருப்பவள். வலியோடு வருகிறவர்களிடம் பேசும் அதே குரலில் என்னிடம் பேசினாள்.

"ஒன்ன விட்டுட்டுப் போறேன்னு நான் சொல்லல. ஆனா அப்பா இல்லாத வீடு. அம்மா ஒருத்திதான் டீ குடிக்கணும். அவ குடிக்காம நான் வாசப்படி எறங்க மாட்டேன். போய் மன்னிப்பு கேளு."

"என்னன்னு கேக்க? சரியாச் செஞ்சதுக்கு மன்னிச்சுக்கங்கன்னா?"

"தப்பா அமுக்கிட்டேன்னு சொல்லு. ஒரு பொய்தானே."

அந்த ஒரு பொய் என் வாயில் வரவில்லை. பெரிய உத்தமன் என்பதால் இல்லை. உலகத்தில் எல்லோரும் நான் பொத்தானை வைத்துப் பித்தலாட்டம் செய்கிறேன் என்று நம்புகிறார்கள். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை நான் சரியாக அமுக்கியதற்கு அரசாங்க முத்திரையோடு சாட்சி இருக்கிறது, அதையும் விட்டுக்கொடுப்பதா? இந்த வறட்டுப் பிடிவாதத்தால் அவளை இழந்துவிடுவேனோ என்று ஒவ்வொரு நாளும் பயந்துகொண்டேதான் பிடிவாதமாக இருந்தேன். விலையுயர்ந்த அபலோன் கடல்நத்தை டப்பா ஆறு வாங்கிக்கொண்டு போனேன். கதவைப் பாதி திறந்து, சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க விட மாட்டான் என்று சொல்லிவிட்டு அத்தை டப்பாக்களைத் திருப்பிக் கொடுத்தார்.

கல்யாண நாள் வந்தது. வாசலில் மணப்பெண்ணின் தோழிகள், மாப்பிள்ளையைச் சோதிக்கும் வழக்கப்படி, பாகற்காய்ச் சாறு குடிக்க வைத்து, குட்டிக்கரணம் அடிக்க வைத்து, உள்ளே விட்டார்கள். அதெல்லாம் எனக்கு உறைக்கவே இல்லை. பதினோரு மணிக்குள் பெண் படியிறங்க வேண்டும், அதற்குப் பிறகு நேரம் சரியில்லை என்று சடங்கு நடத்த வந்த அம்மாள் பரபரத்துக்கொண்டிருந்தார். நானும் யூக்-லாமும் சிவப்பு மெத்தையில் மண்டியிட்டோம். அத்தை நாற்காலியில் பட்டுச் சட்டையோடு சிலையாக உட்கார்ந்திருந்தார். நான் பேரீச்சையும் தாமரை விதையும் போட்ட தேநீரை இரண்டு கையாலும் நீட்டினேன்.

"அத்தை, டீ சாப்பிடுங்க."

கை நீளவில்லை. "ஒண்ணே ஒண்ணு கேக்குறேன்" என்றார். "அன்னைக்கு சாப்பிடப் போனது நானா இல்லாம, ஒன்னப் பெத்தவளா இருந்தா?"

என் அம்மா அங்கேதான், பின்னால், சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். யூக்-லாமின் முழங்கை என் விலாவில் இறங்கியது. எல்லோரும் ஒரு பொய்க்காகக் காத்திருந்தார்கள்.

"அப்பவும் அமுக்கியிருப்பேன், அத்தை."

அத்தை எழுந்தார். அலமாரியைத் திறந்தார். 328-இன் சிவப்புப் பலகையை எடுத்துவந்து, அதன் கொக்கியை என் டை முடிச்சில் மாட்டினார்.

"நான் சாப்பிட்டுட்டு வரேன். அரை மணி."

செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார். சுவர்க் கடிகாரத்தில் மணி பத்து இருபத்தெட்டு.

சடங்கம்மாள் தலையில் கை வைத்துக்கொண்டார். தன் ஆயுசில் இப்படி ஒரு வீட்டைப் பார்த்ததில்லை என்றார். எனக்குத் துணையாக வந்த நண்பன், தான் ஒரு மஞ்சள் பையைக் கட்டிக்கொண்டு பின்னால் வந்து நிற்கட்டுமா என்று கேட்டான். யூக்-லாம் முதலில் சிரித்தாள். பத்து நிமிஷம் ஆனதும் சிரிப்பு நின்றது. இருபது நிமிஷம் ஆனதும் கண்மை கன்னத்துக்கு வந்தது. எழுந்து காலை நீட்டு என்று எல்லோரும் சொன்னார்கள். நான் எழவில்லை. ஆறு வருஷமாக மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, பலகை மாட்டிய மெஷினாக இருப்பது எப்படி என்று அன்றுதான் தெரிந்தது. யாருக்கும் பயன்படாமல், யார் வருவார் என்றும் தெரியாமல், விளக்கை மட்டும் எரியவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

"அவ வரலன்னா?" என்றாள் யூக்-லாம்.

"இன்னும் அரை மணி ஆகல" என்றேன். அத்தை எப்படி மெல்லுவார் என்பது எங்கள் இருவருக்குமே தெரியும்.

இருபத்தொன்பதாவது நிமிஷம் கீழே செருப்புச் சத்தம் கேட்டது. நடக்கிற சத்தம் இல்லை, ஓடுகிற சத்தம். நாலு மாடி. கதவில் அத்தை தெரிந்தபோது முகம் சிவந்து, மூச்சு இரைத்தது. பல்குச்சி இல்லை. உதட்டோரம் சூப் ஒட்டியிருந்தது. அவர் வாழ்க்கையிலேயே மெல்லாமல் விழுங்கிய நூடுல்ஸ் அதுவாகத்தான் இருக்கும்.

"எத்தன ஆச்சு?" என்றார், கதவைப் பிடித்துக்கொண்டு.

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். "இருபத்தொம்பது நிமிஷம், இருபது செகண்டு."

"அப்ப நாப்பது செகண்டு மிச்சம்."

"மிச்சம், அத்தை."

அவர் வந்து உட்கார்ந்தார். என் கையிலிருந்த கோப்பையை வாங்கி, ஆறிப்போன தேநீரைப் பேரீச்சை உட்பட ஒரு சொட்டு விடாமல் குடித்தார். மகளுடைய கையில் தங்க வளையல்களை ஏற்றிக்கொண்டே அவளிடம் சொன்னார்.

"தைரியமாக் கட்டிக்க. மாமியாளுக்காக நாப்பது செகண்டு திருடத் தெரியாதவன். இவன் ஒன்ன ஏமாத்தி எங்க போயிடப்போறான்?"

பிறகு என் டையிலிருந்து பலகையைக் கழற்றி என் கையில் வைத்தார்.

"இத ஆபீஸ்ல சேத்துருங்க. 328-அ நான் விட்டாச்சுன்னு எழுதிக் குடுங்க."

அவர் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. செவ்வாயும் வெள்ளியும், பஸ்ஸும், தோழிகளும், டிராகனும் எல்லாமாக அந்தக் கோப்பையில் இருந்ததை நான் அப்போதுதான் உணர்ந்தேன். எனக்கு அழுகை வந்தது.

மணி பதினொன்றாகப் போகிறது என்று சடங்கம்மாள் கூவினார். யூக்-லாம் எழுந்துவிட்டாள். நான் எழ முடியவில்லை. அரை மணி மண்டியிட்டதில் முழங்கால் இரண்டும் பூட்டிக்கொண்டிருந்தன.

"எந்திரிங்க மாப்பிள்ள, நேரமாவுது" என்று சொல்லி, அத்தை குனிந்து என் இரண்டு தோளையும் இரண்டு கையாலும் இறுகப் பிடித்துத் தூக்கிவிட்டார்.

கூட்டத்தில் யாரோ பதறினார்கள். நல்ல நாளும் அதுவுமாய்த் தோளைத் தொடலாமா என்று. நான் பயப்படவில்லை. அந்தக் கை கடைசியாக இறுகப் பிடித்த தோள் எண்பத்தாறாயிரம் ஜெயித்த தோள்.